அத்தையின் இதயம் இடம் மாறிய ஞாயிற்றுக்கிழமை

எனக்கு இடது எது, வலது எது என்று சட்டென்று சொல்ல வராது. சோறு சாப்பிடும் கையை மனதுக்குள் ஒருமுறை அசைத்துப் பார்த்துத்தான் வலது பக்கத்தைக் கண்டுபிடிப்பேன். டாக்சி ஓட்டுநர்களிடம் "அங்கிள், அந்தப் பக்கம்" என்று கையை நீட்டியே இத்தனை வருடம் சமாளித்துவிட்டேன். கார் ஓட்டும் தேர்வில் மூன்று முறை தோற்றிருக்கிறேன். (நான்காவது முறை போகவில்லை. நாட்டு நலன் கருதி.) இப்படிப்பட்டவளிடம்தான், மனிதர்களின் வலது கையில் சிவப்புக் கம்பியும் இடது கையில் மஞ்சள் கம்பியும் மாட்டுகிற வேலையைக் கொடுத்தார்கள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. படிப்பு முடிந்த கையோடு ஓர் இதய ஆய்வுக் குழுவில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். ஈசிஜி கோடுகளைப் பார்த்து 'இது சரி, இது சரியில்லை' என்று தானாகவே சொல்லும் ஒரு கருவி வந்திருந்தது. எங்கோ தூர தேசத்தில், அந்த ஊர்க்காரர்களின் நெஞ்சை வைத்தே அதைப் பழக்கியிருந்தார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர், குண்டானவர், ஒல்லியானவர், கப்பல் பட்டறையில் இரும்பு தூக்குகிறவர், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் என்று எல்லாருக்கும் அது ஒழுங்காகச் சொல்லுமா? அதுதான் எங்கள் ஆய்வு. அதற்கு விதவிதமான மனிதர்கள் வேண்டும். விதவிதமான மனிதர்கள் வேண்டுமென்றால், விடுமுறை நாளில் ஊர்விட்டு வேலைக்கு வந்தவர்களெல்லாம் கூடுகிற தேக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் சமூக மண்டபம் ஒன்றைப் பிடித்து, திரை கட்டி, கட்டில் போட்டு உட்கார்ந்தோம்.

எங்கள் தலைவர் டாக்டர் லிம். ஐம்பதைத் தாண்டிய அம்மையார். குறைவாகப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் குறைவாகப் பேசுவார். காலையில் எனக்கு இரண்டே விதிகள் சொன்னார். கம்பி மாட்டியதும் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். தாளில் என்ன வந்தாலும் நான் வாயைத் திறக்கக்கூடாது, சொல்வது டாக்டரின் வேலை.

பத்தே முக்காலுக்குள் இரண்டையும் மீறிவிட்டேன்.

முதலில் யாரும் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இது நடக்கும் என்று தெரிந்து, முதல் ஆளாக என் சரோஜா அத்தையை பிடோக்கிலிருந்து வரவழைத்திருந்தேன். அத்தை உள்ளே போனால் பின்னால் ஒரு கூட்டமே போகும், அப்படி ஒரு நடை. மாமாவும் கூடவே வந்து திரைக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டார்.

"கரண்ட் அடிக்காதுல்ல கவி?" என்று கேட்டுக்கொண்டே அத்தை படுத்தார்.

"அடிக்காது அத்தை. நம்ம இதயம் அனுப்புற கரண்டைத்தான் மிஷின் எடுத்துக்கும்."

"அப்ப எனக்குக் குறைஞ்சிடாதா?"

எதிரில் நிற்பவரின் வலது கை நமக்கு இடது பக்கம் இருக்கும். சாதாரண மூளைக்கே அது கொஞ்சம் குழப்பம். நான் சோறு சாப்பிடும் கையை மனதுக்குள் அசைத்தேன். அது என் கை, அத்தையின் கை அல்ல என்பது அப்போது தோன்றவில்லை. மாட்டினேன். பட்டனை அழுத்தினேன். தாள் வந்தது. மேலே கொட்டை எழுத்தில், 'இதயம் வலது பக்கம் இருக்கக்கூடும்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது.

பாடப் புத்தகத்தில் ஒரே ஒரு பத்தியாகப் படித்த அதிசயம், என் சொந்த அத்தைக்குள்! அதற்குக் கீழே இரண்டாவது வரி ஒன்றும் இருந்தது. அதை யார் படித்தார்கள்?

"என்னடி முழிக்கிற?" என்றார் அத்தை.

"அத்தை... உங்க இதயம் வலது பக்கம் இருக்கு."

திரைக்கு வெளியிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "நான் கல்யாணமான புதுசுலயே சொன்னேன். இவளுக்கு எல்லாமே நேர்மாறுன்னு. யார் கேட்டா?"

அத்தை அழுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஒரு ஒளி பரவியது. கம்பியோடு இருந்த கையை நீட்டி, "என் போனை எடு" என்றார். ஈப்போவில் இருக்கும் தங்கைக்கு ஒன்று, ஆங் மோ கியோவில் இருக்கும் மருமகளுக்கு ஒன்று, குடும்பத்து வாட்ஸப் குழுவுக்கு மூச்சு வாங்க ஒரு குரல் செய்தி. ஐந்தே நிமிடத்தில் என் அம்மா அழைத்துவிட்டார். யாரோ எந்தக் கோயிலில் அர்ச்சனை செய்யலாம் என்று கேட்டிருந்தார்கள். எதையுமே முழுதாகப் படிக்காத ஜொகூர் சித்தப்பா 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டுவிட்டார்.

சத்தம் கேட்டு டாக்டர் லிம் திரையை விலக்கினார். தாளைப் பார்த்தார். அத்தையின் கைகளைப் பார்த்தார். சிவப்பைக் கழற்றி மஞ்சள் இருந்த இடத்திலும், மஞ்சளைச் சிவப்பு இருந்த இடத்திலும் மாட்டி, மறுபடி பட்டனை அழுத்தினார். எல்லாம் சரி என்று தாள் வந்தது.

பழைய தாளை என்னிடம் நீட்டினார். "இரண்டாவது வரியைப் படி."

படித்தேன். 'அல்லது கைக் கம்பிகள் இடம் மாறியிருக்கக்கூடும்.'

"ஆன்ட்டி, உங்கள் இதயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. எப்போதும் அங்கேதான் இருந்தது" என்றார் டாக்டர் லிம். நான் அதைத் தமிழில் சொன்னேன். என் வாழ்க்கையின் கஷ்டமான மொழிபெயர்ப்பு அது.

அத்தையின் முகம் வாடிவிட்டது. "ஐயோ, இப்ப ஈப்போக்காரிக்கு என்னன்னு சொல்றது?"

டாக்டர் லிம் திட்டவில்லை. தன் நாற்காலியைத் தூக்கிவந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார். "இன்று நீ எடுக்கும் ஒவ்வொரு தாளும் என் கைக்கு வர வேண்டும்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை என்று இருந்தது. அத்தையும் வீட்டுக்குப் போகவில்லை. "மத்தவங்களுக்காச்சும் ஒழுங்கா மாட்டுறாளான்னு பார்க்கிறேன்" என்று மாமாவோடு உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு நான் எடுத்தவை முப்பதுக்கும் மேலே. ஒன்றுகூடத் தப்பாகவில்லை. ஒவ்வொருவரிடமும் "அண்ணே, நீங்க சாப்பிடுற கையைத் தூக்குங்க" என்று கேட்டுவிட்டுத்தான் சிவப்பை மாட்டினேன்.

மூன்று மணி வாக்கில் முருகையன் வந்தார். கப்பல் பட்டறையில் வெல்டர். அறந்தாங்கிப் பக்கம். முப்பத்தாறு வயது. சட்டையைக் கழற்றச் சொன்னதும் கூச்சப்பட்டார். சாப்பிடுகிற கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார். மாட்டினேன், அழுத்தினேன்.

'இதயம் வலது பக்கம் இருக்கக்கூடும். அல்லது கைக் கம்பிகள் இடம் மாறியிருக்கக்கூடும்.'

ஓரக்கண்ணால் பார்த்தேன். டாக்டர் லிம் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். தாளை நான்காக மடித்துப் பைக்குள் செருகினேன். கழற்றி, மறுபடி மாட்டினேன். அதே வரிகள். அதுவும் பைக்குள் போனது. மூன்றாவது. நான்காவது.

"என்ன மேடம், மிஷின்ல கோளாறா, என்கிட்டயா?" என்று மெல்லக் கேட்டார் முருகையன்.

"என்கிட்டதாண்ணே" என்றேன். மனதார நம்பித்தான் சொன்னேன்.

பிறகு செய்ததை இன்றைக்கும் நினைத்தால் காது சுடுகிறது. சரியாக மாட்டினால் தப்பாக வருகிறது, அப்படியென்றால் தப்பாக மாட்டினால் சரியாக வந்துவிடும் அல்லவா? (இந்த மூளைக்குத்தான் அரசாங்கம் உபகாரச் சம்பளம் கொடுத்துப் படிக்க வைத்தது.) சிவப்பையும் மஞ்சளையும் வேண்டுமென்றே மாற்றி மாட்டினேன். எச்சரிக்கை வரிகள் மறைந்துவிட்டன. குனிந்து கிடந்த கோடுகள் நிமிர்ந்து நின்றன. அந்தத் தாளை, நல்ல பிள்ளையாக, டாக்டர் லிம்மிடம் நீட்டினேன்.

அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"கைகளிலிருந்து வரும் கோடுகள் சரி. ஆனால் நெஞ்சில் ஒட்டியவை? இடது பக்கம் போகப் போகப் பெரிதாக வேண்டும். இங்கே சிறுத்துக்கொண்டே போகின்றன." தலையைத் தூக்கினார். "நீ என்ன செய்தாய்?"

'தெரியல டாக்டர்' என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போயிருப்பார். அவர் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார், என்மேல் துளி சந்தேகம்கூட இல்லாமல். என்னால் முடியவில்லை. பைக்குள்ளிருந்த நான்கு தாள்களையும் எடுத்துப் பிரித்து அவர் கால்மாட்டில் வரிசையாக வைத்தேன். "இதெல்லாம் சரியா மாட்டினது. கடைசிதான் வேணும்னே மாத்தி மாட்டினது" என்றேன்.

டாக்டர் லிம் நான்கையும் வரிசையாகப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை எடுத்து முருகையனின் இடது மார்பில் வைத்தார். நகர்த்தினார். பிறகு மெதுவாக வலது மார்புக்குக் கொண்டுபோனார். அங்கேயே நின்றுவிட்டார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. காதிலிருந்து எடுத்து என் காதில் மாட்டி, "கேள்" என்றார்.

கேட்டேன். லப்டப், லப்டப் என்று, ஒரு பதற்றமும் இல்லாமல், உலகத்தில் எல்லாருக்கும் எங்கே இருக்காதோ அங்கே, அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. வெளியே தெருவில் ஆயிரம் பேர் பேசிக்கொண்டு போனார்கள். ஒருவருக்கும் தெரியாது. அதைச் சுமந்துகொண்டிருந்தவருக்கே தெரியாது. காலையில் அத்தையிடம் நான் வாய் கூசாமல் அறிவித்த அதிசயம், நிஜமாக வந்து எதிரில் படுத்திருந்தபோது நான்கு தடவை மடித்துப் பைக்குள் போட்டிருக்கிறேன்.

"அண்ணே, உங்க இதயம் வலது பக்கம் இருக்குண்ணே." இந்த முறை டாக்டர் சொல்லச் சொல்லித்தான் சொன்னேன்.

முருகையன் சிரித்தார். "வேலைக்கு வந்தப்ப எக்ஸ்ரே எடுத்தாங்களே மேடம்? தாள்ல ஏதோ நீளமா எழுதியிருந்துச்சு. என்னன்னு கேட்டேன். வேலை பார்க்கலாம்னு போட்டிருக்கு, அது போதும்னு ஏஜெண்ட் சொல்லிட்டாரு."

மொழிபெயர்த்துச் சொன்னபோது டாக்டர் லிம் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். அப்போதுதான் முருகையனின் கை எங்கே இருக்கிறது என்று கவனித்தார். "வயிற்றை ஏன் பிடித்துக்கொண்டே இருக்கிறார் என்று கேள்."

"அது ஒண்ணுமில்ல மேடம். ரெண்டு நாளா வலி. முதல்ல தொப்புளைச் சுத்தி இருந்துச்சு, இப்ப இடது பக்கம் கீழ இறங்கிருச்சு. வலது பக்கம் வலிச்சாத்தான் குடல்வால், இடதுன்னா வாயுதான்னு ரூம்ல சொன்னாங்க. சோடா குடிச்சேன். இங்க சும்மா டாக்டர் பார்ப்பாங்கன்னு சொன்னாங்க, அதான் வந்தேன்."

நான் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் லிம் அவருடைய இடது அடிவயிற்றை அழுத்திச் சட்டென்று கையை எடுத்தார். முருகையன் போட்ட சத்தத்தில் மாமாவின் கையிலிருந்த கோப்பி தரையில் கொட்டியது.

இதயம் மட்டுமில்லை. சிலருக்கு உள்ளே எல்லாமே கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருக்குமாம். கல்லீரல் இடது பக்கம், இரைப்பை வலது பக்கம், குடல்வாலும் இடது பக்கம். டாக்டர் லிம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஆம்புலன்சில் ஏற்றும்போது அவர் சட்டையிலேயே குத்திவிட்டார். மருத்துவமனைக்குப் போன் செய்து, "இந்த மனிதருக்கு எல்லாம் எதிர்ப்பக்கம். மறக்காதீர்கள்" என்று இரண்டு முறை சொன்னார். அன்று மாலையே அறுவை சிகிச்சை முடிந்தது. குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம்.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்திருந்தார். போனில் தன் எக்ஸ்ரே படத்தை வைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். என்னிடமும் காட்டினார். விலா எலும்புகளுக்கு நடுவே, வெள்ளை நிழலாக, வலது பக்கம் சாய்ந்து நின்றது அவர் இதயம். இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்தோம்.

"முப்பத்தாறு வருஷமா இதைத் தூக்கிட்டுத் திரியுறேன் மேடம்" என்றார். "வெல்டிங் சாமான் கூடையோட எத்தனை தடவை ஏணியில ஏறியிருப்பேன். ஒரு நாளாச்சும் நான் இந்தப் பக்கம் இருக்கேன்னு சொல்லிச்சா பாருங்க."

தாளை மறைத்ததற்கும் மாற்றி மாட்டியதற்கும் நான் என் கைப்பட முழு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். வேலை போய்விடும் என்று இருந்தேன், போகவில்லை. டாக்டர் லிம் அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "நான்கு முறையும் சரியாகத்தான் மாட்டியிருக்கிறாய். அதை நீயே நம்பவில்லை." இன்றுவரை எங்கள் குழுவில் கைக் கம்பிகளை இரண்டு பேர் பார்த்த பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும். விதிப் புத்தகத்தில் அதற்கு என் பெயரைப் போடவில்லை. ஆனால் புதிதாகச் சேருகிற எல்லாருக்கும் என் பெயர் தெரிந்திருக்கிறது.

குடும்பத்தில் இந்தக் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. தீபாவளி, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அத்தைதான் சொல்வார், நான் முறுக்கை வாயில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். "என் இதயம் அன்னிக்குக் காலையில கொஞ்ச நேரம் வலது பக்கம் போயிட்டு வந்துச்சு. அது போகலைன்னா அந்த டாக்டரம்மா இவ பக்கத்துல வந்து உட்கார்ந்திருப்பாங்களா? உட்காரலைன்னா அந்தத் தம்பி தாளை யார் பார்த்திருப்பா? அவன் பிழைச்சது என்னாலதான்."

ஏழு வருடமாக இதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. போன வருடம் முருகையன் விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பியபோது, பலகாரப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, அதை அத்தையிடம் சேர்த்துவிடச் சொன்னார்.