கொலஸ்ட்ரால் மாத்திரை முடித்து வைத்த சம்பந்தம்

மதிப்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன், ஏலக்கடையில் ஏலம் கூவுகிறவன், வணக்கத்துடன் எழுதுவது. இங்கு உங்கள் தங்கை, நம் பெண், நான், என் கொழுப்பு எல்லோரும் சௌக்கியம். அங்கு உங்கள் சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல்? அடுத்தவன் ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர் நீங்கள்.

நீங்கள் பிடித்த பிடியில்தான் டாக்டரிடம் போனேன். கொலஸ்ட்ராலுக்கென்று சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். போட ஆரம்பித்ததிலிருந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. ஒரு பழைய பீரோவை நிறுத்தி "ஒரு தரம்" என்றேன், "ரெண்டு தரம்" வருவதற்குள் தண்ணீர் குடிக்க ஓடினேன், திரும்பி வந்தால் கூட்டமே கலைந்துவிட்டது. மருந்துக்கடைக்காரரோ, "சிலருக்கு வாய் உலரும்னு சொல்றாங்க சார். நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டரைக் கேளுங்க" என்றார். டாக்டர் வெளியூர் போய்விட்டார். உங்கள் தங்கைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "கல்யாணமாகி இன்னைக்குத்தான் இந்த வீட்ல கடிகாரச் சத்தமே கேக்குது" என்கிறாள்.

இந்த லட்சணத்தில் மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்தார்கள். நம் பெண் லிஃப்ட் மெக்கானிக் வேலையையும் விட மாட்டாள், அந்தப் பையனையும் விட மாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். போன தடவை நான் பழக்கதோஷத்தில் "இந்த மாதிரி இன்னொண்ணு கிடைக்காது, நல்லா பாத்துக்கங்க" என்று கூவப் போய், பையனின் அப்பா கோபித்துக்கொண்டு எழுந்து போனாரல்லவா? இந்தத் தடவை பெண் கண்கலங்கி, "இன்னைக்கும் கெடுத்துடாதீங்கப்பா" என்றாள்.

பையனின் அப்பா மரக்கடைக்காரர். ஏலத்தில் மரம் எடுத்தே பழகியவர். உட்கார்ந்ததும், "கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலையை விட்டுடணும்" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மூடிக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, "சரி, ஒரு வருஷம் போகட்டும்" என்றார். நான் நாக்கைப் புரட்டிப் பார்த்தேன், அசையவில்லை. "விடவே வேணாங்க" என்றார். தாகத்தில் கூரையைப் பார்த்தேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பையனே உங்க பக்கத்துல வீடு பாத்துக்கட்டும், போதுமா?" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை மச்சான், தண்ணீர் கொண்டு வரச் சொல்லி மேஜையை டொக், டொக், டொக் என்று தட்டினேன்.

ஏலத்தில் மூன்றாவது தட்டு விழுந்த கணக்காக, "முடிஞ்சுது!" என்று அவர் துள்ளி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடேயப்பா, கறாரான மனுஷன்யா நீங்க!"

நம் பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கண்ணில் மட்டும் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இனி இந்த மாத்திரையை ஆயுசுக்கும் விடுவதாக இல்லை. நீங்களும் உங்கள் வீட்டு அக்காவும் முன்னால் நின்று கல்யாணத்தை நடத்திக் கொடுக்க வேண்டும். டாக்டர் மகராசன் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாயடைத்துப் போன உங்கள் மச்சான்

பி.கு.: உறையை ஒட்ட எச்சில் ஊறாததால் கடிதம் நேற்றுப் போகவில்லை. அதற்குள் மருந்துக்கடைக்காரர் நான் கொண்டுபோன அட்டையைத் திருப்பிப் பார்த்து, "சார், இது ஜலதோஷ மாத்திரை. வாயை உலர்த்துனது இதுதான்" என்றார். உங்கள் தங்கையுடையதாம், ஒரே டப்பாவில் கிடந்தது. கொலஸ்ட்ரால் மாத்திரை அதுவரை பிரிக்காமல் பத்திரமாக இருந்தது, கொலஸ்ட்ராலும் அப்படியே. நேற்று சரியான மாத்திரைக்கு மாறினேன், இன்று நாக்கு நன்றாகச் சுழல்கிறது. நாளை சம்பந்தி தேதி குறிக்க வருகிறார், பேச எனக்கு எவ்வளவோ இருக்கிறது. ஆனால் உங்கள் தங்கை கையில் தண்ணீர் டம்ளர், நம் பெண் கையில் அந்த ஜலதோஷ மாத்திரை. "அப்பா, உங்களுக்கு லேசா தும்மல் வர்ற மாதிரி இருக்கே?" என்கிறாள்.