ஆளுக்கு ஒரு சாமான்

போடிமெட்டு ரோட்டில் ஜீப்பு ஓட்டியவர்களில் மாப்ளேயைப் போன்ற மறதிக்காரர் பிறந்ததில்லை. ஆனால் அவர் பெயர் கெட்டது அவர் மறதியால் அல்ல; என்னால்.

யார் பெயரும் நினைவில் நிற்காததால் எல்லோரையும் ‘மாப்ளே’ என்பார், தன் மாமனாரையும் சேர்த்து. கடைசியில் அதுவே அவர் பெயராகிவிட்டது. மெட்டில் டீ குடித்து முடித்ததும், ஜீப்பின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்துத்தான் எஸ்டேட்டுக்குப் போவதா போடிக்கு இறங்குவதா என்று முடிவு செய்வார்.

இவரிடம்தான் எஸ்டேட் பெண்கள் போடியில் சாமான் வாங்கிவரச் சொல்வார்கள். பாதி வராது. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற நான், படித்த திமிரில் யோசனை சொன்னேன்.

“மனசு ஒரு சின்னப் பை அண்ணே. நாலஞ்சுக்கு மேல போட்டா மொதல்ல போட்டது விழுந்துரும். கண்ணுல படுற எதோடயாவது முடிச்சுப் போட்டு வைங்க. இல்லாட்டி போன்ல எழுதுங்க.”

“போன எங்க வச்சேன்னு எதுல எழுதுறது மாப்ளே?”

மறுநாள் பயணிகளின் முகத்திலேயே முடிச்சுப் போட்டுவிட்டார்.

“அப்பு, இன்னைக்கு நீதேன் புளி. ஆத்தா, நீ வெளக்கமாறு.”

“யாருய்யா வெளக்கமாறு?”

போடியில் அவர்கள் இறங்க இறங்க, முகம் பார்த்துச் சாமான் வாங்கினார். ஒன்றும் தப்பவில்லை. பெண்கள் அசந்துபோனார்கள்.

ஒருநாள் என் முறை வந்தது. ஏலக்காய் எடுக்கும் பேச்சியம்மாளுக்கு இழுப்பு மாத்திரை. “ஏ இழுப்பு மாத்திரை, வெரசா தள்ளி உக்காருங்க!” என்றார். ஜீப்பே சிரித்தது. எனக்கு ரோஷம். அடிவாரத்தில், முந்தலில் ஜீப்பு நின்றபோது சொல்லாமல் பின்பக்கமாக இறங்கி பஸ் ஏறிவிட்டேன்.

போடியில் இறங்கியவர்களில் என் முகம் இல்லை, மாத்திரையும் போய்விட்டது. பேச்சியம்மாள் விடியும்வரை மூச்சுக்குத் தவித்தார்.

“இனிமே இந்தாளுகிட்ட ஒரு சோலியும் சொல்லாதீக” என்று பெண்கள் முடிவு செய்தார்கள். “நாந்தேன் மறந்துட்டேன்” என்று மாப்ளே தலைகுனிந்து நின்றார். நான் ஜீப்பில் வந்ததே அவருக்கு நினைவில்லை.

தாங்க முடியாமல் பேச்சியம்மாளிடம் போனேன். “தப்பு என்னோடதுத்தா. நான் நடுவழியில எறங்கிட்டேன்.”

“நீங்க எறங்குனா எம் மாத்திரை எப்பிடி சார் வராமப் போகும்?”

விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே குழம்பியது. “அடுத்த ஆளு பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு, நல்ல மனுசன்” என்று, சாமான் வாங்கும் பொறுப்பையே என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

இப்போது அவர் ஜீப்பிலேயே போய் வாங்கி வருகிறேன். ‘மாப்ளே வாங்கிக் கொடுத்தது’ என்றுதான் கொடுக்கிறேன், ஒருவரும் நம்புவதில்லை. என் மனசுப் பையும் வயதில் சுருங்கிவிட்டது, பாதி விழுகிறது. பேச்சியம்மாளின் மாத்திரையை மட்டும் மாப்ளேயின் முகத்தில் முடிந்து வைக்கிறேன். அந்த முகம் எனக்கு மறக்காது.