நான் கோபாலைத் தேர்ந்தெடுத்த கதை

இரண்டு பொருளைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள் என்றால் என் மூளை அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும். ஓட்டலில் பக்கத்து மேசைக்காரர் என்ன கேட்கிறாரோ அதையே நானும் கேட்பேன். புடவைக் கடைக்காரர்கள் என்னைப் பார்த்தாலே பெருமூச்சு விடுவார்கள். இப்படிப்பட்ட ஒருத்தியிடம், அதுவரை கம்ப்யூட்டர் என்ற பொருளைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்திராத வயதில், "உனக்கு எந்தக் கம்ப்யூட்டர் மொழி வேண்டும்?" என்று கேட்டால் என்ன ஆகும்? எங்கள் ஊரில் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். எங்கள் கிராமத்திலிருந்து பஸ்ஸில் போய்வந்து, உத்திரமேரூரில் நான் பதினோராம் வகுப்பில் சேர்ந்திருந்தேன். பெண்பிள்ளைக்குப் பத்தாவதே அதிகம் என்ற வீட்டில், அழுது, சாப்பிடாமல் கிடந்து வாங்கிய அனுமதி அது. பள்ளிக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திறங்கியது. அதைச் சொல்லித்தர எங்கள் கணக்கு வாத்தியார் சிகாமணி சார் மெட்ராஸுக்குப் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தார். போகும்போது வேட்டி, வரும்போது பேன்ட்.

ஒரு திங்கட்கிழமை அவர் வகுப்பில் சொன்னார்: "கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷும் தெரியாது. அதுக்குன்னு தனி பாஷைங்க இருக்கு. பேசிக், கோபால், ஃபோர்ட்ரான், பாஸ்கல். யாருக்கு எது வேணும்னு வீட்டுல கலந்து பேசுங்க. சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு வந்து சொல்லணும். அப்பதான் ரிஜிஸ்டர் பண்ணுவோம்."

எனக்குத் தலை சுற்றியது. தவறான பாஷையை எடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் ஆயுள் முழுக்க என்னோடு பேசாது என்று நினைத்துக்கொண்டேன். (சிரிக்காதீர்கள். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள்.)

நல்லவேளையாக அன்று சாயங்காலம் என் மாமா ஊருக்கு வந்திருந்தார். அம்மாவின் தம்பி. மெட்ராஸில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. அங்கே கண்ணாடி அறைக்குள் இருந்த கம்ப்யூட்டரை வெளியில் நின்று பார்த்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் அதுவே விஞ்ஞானி பட்டத்துக்குப் போதும்.

"கோபால எடு," என்றார் யோசிக்காமல். "எங்க ஆபீஸ்ல எல்லாம் கோபால்தான். கோபால நம்புனா கடைசி வரைக்கும் சோத்துக்குப் பஞ்சமில்ல." சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அது என்ன என்று விளக்க வீட்டில் ஒருவரும் மிச்சமில்லை.

இங்கே எங்கள் ஊர்க் கோபாலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். இருபத்தைந்து வயதிருக்கும், சுருட்டை முடி, கல்யாணம் ஆகாதவர். எங்கள் கிணற்று மோட்டார் அந்தக் கோடை முழுக்க எரிந்துகொண்டே இருந்ததால் அவரும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார். அம்மா அவருக்குக் கூழ் ஊற்றுவாள். சில நாள் கொண்டுபோய்க் கொடுப்பது நான்.

மறுநாள் காலை குழாயடியில் என் தோழி வசந்தாவிடம் சொன்னேன்: "நான் முடிவு பண்ணிட்டேன்டி. கோபால்தான். நைனா ஒத்துக்கலன்னா இன்னா பண்றதுன்னுதான் தெரியல." குடத்தோடு பின்னால் நின்றவள் எங்கள் பெரியம்மா. அவளுக்குக் காது மந்தம் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

அன்று மாலையிலிருந்து வீடு வேறுமாதிரி ஆகிவிட்டது. அம்மா எனக்குச் சோறு போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. கழற்றிப்போட்ட மோட்டார் அப்படியே கிடந்தது. கோபாலை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. சுலபமான பேசிக்கை விட்டுவிட்டுக் கஷ்டமானதை எடுக்கிறேனே என்று கவலைப்படுகிறார்கள்போல என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அப்பா என்னை மாட்டுக்கொட்டகைக்குக் கூப்பிட்டார். புல் அறுத்துவந்த அரிவாள் இன்னும் கையில் இருந்தது.

"கோபால்னு முடிவே பண்ணிட்டியா?"

"ஆமா நைனா. வேற எதுவும் சரிப்படாது."

"எத்தினி நாளா இது?"

"திங்கக்கெயமதான் பேரே தெரியும்."

அப்பா மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். "உனுக்கு யாரு சொல்லிக்குடுத்தது?"

"மாமாதான். அவுரு ஆபீஸ்ல எல்லாரும் கோபாலத்தான் வச்சிக்கினு கீறாங்களாம்."

அப்பா அரிவாளைக் கீழே வைத்தார்.

"நீ நாளைக்கு ஸ்கூலுக்கு வா நைனா," என்றேன். "நீ சம்மதம்னு சொன்னாத்தான் ரிஜிஸ்டர் பண்ணுவாங்க."

"ரிஜிஸ்டரா? ஸ்கூல்லியா?"

"ஆமா. பதினோராவது மொத்தத்துக்கும் ஒரே நாள்ல பண்றாங்க."

இவ்வளவு தூரம் பேசியும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அப்பாவுக்கு ஏன் திடீரென்று வியர்க்கிறது என்றுதான் யோசித்தேன். (இதே மூளையை வைத்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் படிக்கக் கிளம்பியிருந்தேன்.)

சனிக்கிழமை. கம்ப்யூட்டர் அறை வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். கம்ப்யூட்டர் பூப்போட்ட போர்வைக்குள் இருந்தது. சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. அப்பாக்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்மாஸ்டரும் இருந்தார். என் அப்பா வெளுத்த வேட்டியில், பெரியப்பாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவர்களுக்குப் பின்னால் வாசலில் கோபால் நின்றிருந்தார், கையில் டூல்ஸ் பெட்டியோடு. பெரியப்பா அவரை எதற்குக் கூட்டிவந்தார் என்று எனக்குக் குழப்பம். அவரைப் பார்த்தால் அவருக்கும் அதே குழப்பம் இருப்பதுபோலத்தான் தெரிந்தது.

சிகாமணி சார் என் பெயரைக் கூப்பிட்டார். "அமுதா, உன் தேர்வு?"

எழுந்து நின்று, மனப்பாடம் செய்துவந்ததைச் சத்தமாகச் சொன்னேன். "கோபால், சார். கடைசி வரைக்கும் கைவிடாது."

"நல்ல தேர்வு," என்றார் சார். "ஆரம்பத்துல கொஞ்சம் கஷ்டமா இருக்கும். பழகிட்டா விடமுடியாது."

அப்பா எழுந்தார். "இன்னா சார் பேசறீங்க? படிக்கிற பொண்ணுக்கு இதச் சொல்லிக்குடுக்கத்தான் ஸ்கூல் வச்சிக்கினு கீறீங்களா? இந்தக் கல்யாணத்துக்கு நான் சம்மதிக்கமாட்டேன்."

பெரியப்பா கோபாலின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து நிறுத்தினார். "இதோ கீறான் கோபால். அவன வச்சிக்கினே பேசி முடிச்சிடலாம்."

கோபால் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பணிவாகக் கேட்டார்: "மோட்டார் எங்க கீது சார்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குழாயடி, பெரியம்மா, கூழ், அரிவாள், ரிஜிஸ்டர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் தலையில் விழுந்தன. வகுப்பு மொத்தமும் சிரித்தது. வசந்தா டெஸ்க்குக்குக் கீழே போய்விட்டாள். நான் அந்தப் பூப்போட்ட போர்வைக்குள் புகுந்து கம்ப்யூட்டரோடு கம்ப்யூட்டராக இருந்துவிடலாமா என்று பார்த்தேன்.

சார் பலகையில் இங்கிலீஷில் COBOL என்று எழுதிக் காட்டினார். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே கோபால்தான், அது மொழியின் பெயர், மனிதன் இல்லை என்று விளக்கினார். அப்பா அந்த எழுத்துக்களை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப இது ஆளு இல்லியா?"

"இல்லைங்க."

"பின்ன ஆம்பள பேர இன்னாத்துக்கு வச்சாங்க?"

சாரின் பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லைபோல. "வேணும்னா பாஸ்கல் குடுக்கட்டுமா?" என்றார்.

"அது யாரு?"

"அது... ஒரு பிரெஞ்சுக்காரர் பேருங்க."

"வேணாம். பொம்பள பேர்ல ஒண்ணும் இல்லியா?"

சார் நெற்றியைத் தேய்த்தார். "இருக்குங்க," என்றவர் பெரியப்பா பக்கம் திரும்பி, "ஏடா," என்றார்.

"யாரப் பாத்து ஏடான்றீங்க?" என்று பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.

அது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர் வைத்த மொழி என்று சார் பதற, ஹெட்மாஸ்டர் நடுவில் வந்து பெரியப்பாவை உட்காரவைத்தார். பிறகு, "சிகாமணி, கேக்கறதையே குடுத்து அனுப்புங்களேன், வம்பு எதுக்கு?" என்றார். சிகாமணி சார் குரலை இறக்கிச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"நம்ம மெஷின்ல பேசிக் மட்டும்தான் சார் இருக்கு. பசங்க யோசிக்கட்டுமேன்னுதான் கேட்டேன்."

ஒரு வாரம் நான் தூங்காமல் தேர்ந்தெடுத்தது, இல்லாத ஒன்றை.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். படிப்பு அத்தோடு முடிந்தது என்று நான் முடிவு செய்துவிட்டேன். இனிப் பேனா பிடிக்கப்போவதில்லை என்று விரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஊர் ஸ்டாப்பில் இறங்கியதும் அவர் நின்றார்.

"திங்கக்கெயம கிளாஸுக்குப் போ," என்றார். "இன்னா எயவா இருந்தாலும் படி. ஆனா அதுங்க பேர மட்டும் வூட்டுல சொல்லாத."

போனேன். பேசிக் படித்தேன். பின்னால் மெட்ராஸில் வேலைக்குச் சேர்ந்தபோது கோபாலையும் படித்தேன், வீட்டுக்குச் சொல்லாமல்.

பாவம், அகப்பட்டுக்கொண்டது மோட்டார் கோபால்தான். அன்றே ஊர் அவருக்குக் 'கம்ப்யூட்டர் கோபால்' என்று பெயர் வைத்துவிட்டது. அவர் கல்யாணப் பத்திரிகையில்கூடச் சொந்தக்காரர்கள் அடைப்புக்குறிக்குள் அதைப் போட்டார்கள். இன்று உத்திரமேரூரில் அவர் வைத்திருக்கும் மோட்டார் ரீவைண்டிங் கடையின் பலகையிலும் அதே பெயர்தான். அதைப் பார்த்துவிட்டு வாரம் ஒருவராவது பழுதான லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு படியேறுகிறார்களாம். போன பொங்கலுக்கு நான் அந்தப் பக்கம் போனபோதும் ஒரு பையன் வந்து நின்றான். கோபால் அண்ணன் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, பல வருஷப் பொறுமையோடு, எதிரே உட்கார்ந்திருந்த என்னைக் காட்டினார்.

"அது வேற கோபால், தம்பி. அவன இந்த அம்மாவுக்குத்தான் தெரியும்."