சோதிச்சேன் மேடம்

உங்கள் போனில் பாட்டு நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? போனைத் தட்டுவீர்கள், ஆப்பைத் திட்டுவீர்கள், கடைசியில் நீங்களே பாடிக்கொள்வீர்கள். முன்பின் தெரியாத யாருடைய போனிலோ பாட்டு நின்றதற்காக லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிப் போன மனிதர் இந்த பூமியில் ஒருவர்தான். அவர் எனக்குக் கீழே வேலை பார்த்தார். அது அவருடைய கெட்ட நேரம்.

கழக்கூட்டத்தில், பாட்டு ஆப் ஒன்றின் வாடிக்கையாளர் சேவையில் நான் தமிழ்ப் பிரிவுக்கு டீம் லீட். பிறந்தது வளர்ந்தது திருவனந்தபுரம் என்பதால் எனக்குத் தமிழும் மலையாளமும் ஒன்றுபோல் வரும். அவர் வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். பதிவேட்டில் நல்ல பெயர் ஒன்று இருந்தது. நாங்கள் கூப்பிட்டது சோதனை அண்ணாச்சி. எதையும் தானே சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது ஒரு காரணம். டீம் லீடுக்கு வாய்த்த சோதனை என்பது இன்னொன்று.

எங்கள் வேலை மிகவும் எளிது. பாட்டு வரவில்லை என்று புகார் வந்தால் அதன் பேரில் ஒரு டிக்கெட் திறப்போம்; அதற்கு ஆறு பதில்கள் எழுதி வைத்திருக்கிறோம். வெளியேறி மறுபடி நுழையுங்கள், போனை அணைத்துப் போடுங்கள், ஆப்பை நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். ஆறாவதற்கு வருவதற்குள் மனிதர் சலித்துப்போய் "சரியாயிட்டுங்க, விடுங்க" என்பார். இதற்கு எங்கள் அலுவலகத்தில் 'தீர்வு' என்று பெயர்.

அண்ணாச்சிக்கு இந்தத் தீர்வு பிடிபடவே இல்லை. லிஃப்டில் போகும்போது பாட்டு நிற்கிறது என்று ஒருவர் புகார் செய்தார். அண்ணாச்சி எங்கள் கட்டிடத்து லிஃப்டில் காலையிலிருந்து மதியம் வரை மேலும் கீழும் போய் வந்தார். செக்யூரிட்டி அவரைப் பிடித்து என்னிடம் கொண்டுவந்து விட்டான். விழிஞ்ஞத்தில் ஒரு மீனவர், கடலுக்குள் போனால் பாட்டு நிற்கிறது என்றார். அண்ணாச்சி அந்த ஞாயிற்றுக்கிழமையே வள்ளத்தில் ஏறிவிட்டார். திங்கட்கிழமை அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையின் கடைசி வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: 'இதற்கு அப்பால் பாட்டு நின்றதா என்று தெரியவில்லை, வாந்தி.'

"அண்ணாச்சி, இதொண்ணும் வேண்டா கேட்டோ. டெம்ப்ளேட்ட எடுத்துப் போடுங்கோ, டிக்கெட்ட மூடுங்கோ, தீர்ந்நு!" என்று கத்துவேன்.

"அது எப்படி சார்? அவங்க பாட்டு நிக்கிதுன்னு சொல்லுதாங்க. நாம போயி பாக்காம போன அணைச்சிப் போடுங்கன்னா எப்படி? டாக்டரு நாடி பாக்காண்டாமா?"

அவருக்கு மலையாளம் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. "இதும் தமிழ்தாம்லா சார், கொஞ்சம் மூக்கால பேசுதாங்க, அம்புட்டுதான்" என்பார். ஒருநாள் எங்கள் மேனேஜர் மேடம் சோர்ந்துபோய் வந்து, "எனிக்கு பனியாணு" என்றார். காய்ச்சல் என்று அர்த்தம். அண்ணாச்சி எழுந்துபோய் ஏசியைக் குறைத்துவிட்டு, மதியம் கடைத்தெருவிலிருந்து ஒரு குரங்குக் குல்லா வாங்கிவந்து மேடத்தின் மேஜையில் வைத்தார். மேடமும் நல்ல மனுஷி, தலையில் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு புண்ணாகிவிட்டது. அர்த்தத்தை அவருக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் வேடிக்கை போய்விடுமே.

அப்போதுதான் பொன்முடிக்காரம்மாவின் புகார் வந்தது. தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் தமிழ்க்காரம்மா. அங்கே டவர் கிடையாது. வெளியூரில் இருக்கும் மகள் வரும்போதெல்லாம் அம்மாவின் போனை டவுனுக்கு எடுத்துப்போய், பிடித்த பாட்டுகளாகப் பார்த்துப் பார்த்து இறக்கிச் சேமித்துக் கொடுத்திருக்கிறாள். திடீரென்று அத்தனையும் பாடாமல் நின்றுவிட்டன என்று எஸ்டேட் ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். ஆப்பை நீக்கித் திரும்ப ஏற்றச் சொல்லியிருந்தால் ஒரு பாட்டும் மிஞ்சியிருக்காது. ஆகவே அண்ணாச்சி பஸ் ஏறினார். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. ஹேர்பின் வளைவுகளில் குடல் வாய்க்கு வர ஏறி இறங்கி, நோயைக் கண்டுபிடித்தேவிட்டார். மாதம் ஒருமுறையாவது போன் டவர் இருக்கும் இடத்துக்கு வந்து முகம் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆப் சேமித்த பாட்டையெல்லாம் பூட்டிவிடும். "அந்தம்மா ஒருக்கா போனோட கீழ எறங்கி வந்தா போதும் சார், எல்லாம் தன்னால தொறந்துக்கும். வார ஞாயித்துக்கெழம வாரேன்னிருக்காங்க" என்று முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

ஞாயிறு வரை எனக்குப் பொறுமை இல்லை. வெள்ளிக்கிழமை மாதக்கடைசி. திறந்திருக்கும் டிக்கெட் ஒன்றுகூட இல்லாத டீம் லீடுக்கு ஒரு படி மேலே போக வாய்ப்பு இருந்தது. திறந்திருந்தது அந்த ஒன்றுதான். கணக்கை ரீசெட் செய்தால் டிக்கெட் மூடிவிடும்; சேமித்ததெல்லாமும் போய்விடும். அதனால் டிக்கெட்டை வைத்திருப்பவர் வாடிக்கையாளரிடம் முதலில் சம்மதம் கேட்க வேண்டும் என்பது விதி. அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் ரீசெட்டை அழுத்தினேன். டிக்கெட்டோ அவர் பேரில் இருந்தது. ஆப் ஆப் என்கிறோமே, உண்மையான ஆப்பு அன்றைக்கு நான் வைத்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா கீழே இறங்கி வந்து பார்த்தபோது போனில் ஒன்றும் இல்லை. மகள் தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள்: என் அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

விசாரணைக்கு மேடம் எங்கள் இருவரையும் அழைத்தார். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலையாளத்தில் 'சோதிச்சோ' என்றால் 'கேட்டாயா' என்று அர்த்தம்.

மேடம் நேராக அண்ணாச்சியைப் பார்த்தார். "ரீசெட் செய்யுன்னதினு முன்பு கஸ்டமரினோடு சோதிச்சோ?"

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும்தான்; அவர் வாழ்க்கையிலேயே அவருக்கு மிகவும் பிடித்த கேள்வி. "சோதிச்சேன் மேடம்!"

"சோதிச்சோ? சத்யமாயிட்டும்?"

"சத்தியமா சோதிச்சேன் மேடம். ஒண்ணுக்கு ரெண்டு மட்டம். அந்தம்மா வீட்டு வாசல்ல வச்சே சோதிச்சேன்."

மேடம் மகளின் கடிதத்தைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். கேட்காமலேயே கேட்டேன் என்று சத்தியம் செய்கிற பொய்யனை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன். 'மேடம், அவர் வேறெந்தோ பறயுகயாணு', அவர் வேறு எதையோ சொல்கிறார் என்று ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தை எடுத்தால் அடுத்த கேள்வி, ரீசெட்டை அழுத்தியது யார் என்பது. நான் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தேன். முழுவதும் படித்தேன்.

வேலையை விட்டு அனுப்புவதாகச் சொல்லும்போது மேடத்தின் குரல் இறங்கிவிட்டது. "எனிக்கு வல்லாத்த விஷமமுண்டு" என்றார். மிகவும் வருத்தமாக இருக்கிறது என்று பொருள்.

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. "ஐயோ, நான் ஒரு விஷமமும் பண்ணல மேடம். எங்கம்மா சத்தியமா பண்ணல."

அடையாள அட்டையைக் கழற்றி, கயிற்றை அழகாகச் சுற்றி மேடத்திடம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு வந்தது. பெற்றுக்கொண்டேன். அப்படிப்பட்டவன்தான் நான்.

ஒரு வாரம் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தார்.

"சார், நல்லாருக்கீங்களா? ஒரு சின்ன ஒதவி. ஊருக்கு வரும்போ ரயில்ல பக்கத்துல ஒரு சேட்டன் இருந்தாரு. பேச்சுவாக்குல கேட்டேன். விஷமம்னா இங்ஙன உள்ள விஷமம் இல்லியாம்லா. வருத்தமாம். பாவம் மேடம், எனக்காவ வருத்தப்பட்டிருக்காங்க. நான் கூறுகெட்டத்தனமா என்னமோ பேசிட்டேன். நான் மன்னிப்பு கேட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிருங்க சார்."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். "அண்ணாச்சி, அவர்ட்ட வேற வார்த்தை ஏதாவது கேட்டேளா?"

"இல்லியே சார். ஏன்?"

"சும்மாதான்."

"சரி சார், சாப்பிடுங்க. நேரத்துக்கு சாப்பிடவே மாட்டிய நீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மேடத்திடம் அந்த மன்னிப்பைச் சொன்னேன். அதைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வந்தது. மற்றதை இங்கே எழுதியிருக்கிறேன். அண்ணாச்சி வாரப் பத்திரிகை படிப்பவர் அல்ல என்ற தைரியத்தில். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். அதையாவது அன்றைக்கு போனில் சொல்லியிருக்கலாம்.