நான்காவது இடத்தில் ஒரு மண்பானை

"ஏப்பா, நம்ம கடை சாராயக் கடையாப்பா?"

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சுபா, பையைக்கூடக் கழற்றாமல் அன்றைக்குக் கேட்ட கேள்வி இது. கீரனூரில் திருச்சி ரோட்டோரம் மெஸ் நடத்தும் குழந்தைசாமியின் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது. ஐயனாருக்குச் சூடம் காட்டாமல் அடுப்புப் பற்றவைக்காத மனிதர் அவர். வெற்றிலைகூடப் போட்டதில்லை.

"யாரு கண்ணு சொன்னா?"

"கிளாஸ்ல எல்லாரும். செல்போன்ல வந்திருக்காம்."

மனைவி பிரகதாம்பாள் தேடி எடுத்தாள். 'எங்களுக்குப் பிடித்த கேஸ்ட்ரோபப்கள்: துணிச்சலான சாப்பாடு, கைப்பக்குவ பீர்' என்று, சாப்பாடும் குடியும் சேர்ந்து கிடைக்கும் கடைகளின் பட்டியல் ஒன்று. படிக்கிறவர்களே கடைகளைச் சேர்க்கலாம். முதல் மூன்றும் பெரிய ஊர்க் கடைகள். நான்காவது, குழந்தைசாமி மெஸ். 'ஈசல் வறுவல், பிரண்டைத் துவையல். மண்பானையில் ஒரு ராத்திரி முழுக்கப் புளித்த நாட்டுப் பானம், சின்ன வெங்காயத்தோடு.'

"நீராகாரத்தையா சொல்றாங்க? பழைய சோத்துத் தண்ணி புள்ள அது!"

"பீருன்னுல்ல போட்டுருக்கு."

எடுத்துவிடச் சொல்லி பிரகதாம்பாள் எழுதினாள். கீழே யாரோ பதில் போட்டார்கள்: 'உரிமையாளர் அடக்கமானவர். அவசியம் போங்கள்.'

சனிக்கிழமை ஆறு பைக் வந்து நின்றது.

குழந்தைசாமி வாசலில் பலகை மாட்டினார்: 'இங்கே மது விற்பதில்லை.'

"போர்டு பிரமாதம்ணே," என்று கண்ணடித்தான் ஒருவன். "போலீசுக்குத்தானே?"

நேரில் குடித்துப் பார்த்தால் தெளிந்துவிடுவார்கள் என்று ஆளுக்கொரு செம்பு நீராகாரம் ஊற்றினார். இரண்டாவது செம்பில் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏறுதுண்ணே."

"அது மோரும் உப்பும் தம்பி!"

"ஜிவ்வுன்னு இல்லண்ணே. ஜில்லுன்னு ஏறுது."

அடுத்த வாரம் பதினாறு பைக். வருகிறவர்களுக்குச் சாமி பயமாவது வரட்டும் என்று வாசலிலேயே நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். அவர்கள் பயபக்தியோடு வரிசையில் நின்றார்கள்.

"பெங்களூருல உள்ள விடும்போது கையில முத்திரை அடிப்பாய்ங்க மாப்ள. இங்க நெத்தியில."

பானையைக் கவிழ்த்து வைத்தும் பார்த்தார். சரக்கு தீர்ந்துபோச்சு என்று செய்தி பரவி, மறுநாள் விடியும் முன்பே வந்து இடம் பிடித்தார்கள். பசி என்று வந்தவனைத் திருப்பி அனுப்ப அவருக்குத் தெரியாது. இட்லி அவித்துப் போட்டார்.

ஊரில் யாரோ புகார் கொடுக்க, எஸ்.ஐ. செல்வராணி ஜீப்பில் வந்து பானையை மோந்து பார்த்தார். ஒரு முறை அல்ல, மூன்று முறை வந்தார். அதற்குப் பிறகுதான் கோயில் கமிட்டித் தலைவர் கண்ணுசாமி படியேறி வந்தார்.

"போலீசு மூணு தடவை வந்துபோன கடையிலேருந்து ஐயனாருக்குச் சோறு வரணுமாப்பா? இந்த வருசம் புரவி எடுப்புக்கு வேற ஆளு சமைக்கட்டும்."

அது குழந்தைசாமியின் நேர்த்திக்கடன். சுபா பிறந்தபோது வேண்டிக்கொண்டது. மண்குதிரைகளைத் தூக்கிவரும் அந்த நாளில் ஒன்பது வருடமாக அவர் கையால்தான் அன்னதானம்.

"நான் ஒரு தப்பும் பண்ணலைங்க."

"எனக்குத் தெரியுதுப்பா. ஊருக்கு யாரு சொல்றது?"

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. ஐயனார் படத்தைப் பார்த்து, "நீயே பாத்துக்க," என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, மதியக் கூட்டம் ஓய்ந்து, பிரகதாம்பாளும் சந்தைக்குப் போயிருந்த நேரம். செல்வராணி தனியாக நடந்து வந்தார். ஜீப் இல்லை, கூட ஆள் இல்லை.

"பானை காலி மேடம். மோந்து பாக்க ஒண்ணுமில்ல."

"சோதனைக்கு வரலண்ணே." செல்வராணி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "கமிட்டித் தலைவரைப் பாத்துட்டு வாரேன். மூணு தடவை பாத்ததுல சொட்டு மது இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். புரவி எடுப்புக்கு நீங்கதான் சமைக்கிறீங்க."

குழந்தைசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இலையைப் போட்டுச் சோறு வைத்தார்.

"எனக்காக எதுக்கு மேடம் இவ்வளவு தூரம்?"

செல்வராணி வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்தார். ரோட்டில் யாருமில்லை.

"எங்க வீட்டுக்காரரு ஒரு மாசமா இங்கிட்டுத்தாண்ணே வாராரு. குடிச்சிட்டு வாரதா அவரு நெனப்பு. ஆனா நேரா நடந்து வாராரு. புள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தாராரு."

"அப்படியா! அப்ப அந்தப் பட்டியல்ல நம்ம பேரைச் சேர்த்தவன் புண்ணியவான். ஆளு யாருன்னு தெரிஞ்சா ஒரு கும்பிடு போடுவேன்."

செல்வராணி சோற்றைப் பிசைந்தபடி தலை நிமிராமல் சொன்னார்:

"அவரு அந்தப் பட்டியலைப் பாத்துத்தாண்ணே குடிக்கக் கடை தேடுவாரு, அதான் நானே எழுதிப் போட்டேன்."