உலகநாதன் வாக்கும் ரெண்டு ஏக்கர் கரும்பும்

என் வீட்டுக்காரர் உலகநாதன் இந்தப் பங்குனியில் ஒரு சபதம் எடுத்தார். கிரிக்கெட் சீசன் முடிகிற வரைக்கும் டி.வி.யில் ஒரு பந்தைக்கூடத் தவறவிட மாட்டாராம்.

"கரும்புக்குத் தண்ணி?" என்று கேட்டேன்.

"கரும்பு எங்கடி போவப் போவுது? அங்கியேதான் நிக்கும்."

நிற்கத்தான் செய்தது. காய்ந்துபோய் நின்றது.

உறுவையாறு கிராமத்தில் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் கரும்பு. போர்வெல் என் கொழுந்தனாருக்கும் எங்களுக்கும் பொது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எங்கள் முறை. சாயங்காலம் ஏழு மணிக்குத் தண்ணீர் நம் பக்கம் திரும்பும். அன்றைக்கு விட்டால் விட்டதுதான். ஏழு மணிக்குத் தண்ணீர், ஏழரைக்கு மேட்ச். நானே டார்ச் லைட்டையும் மம்மட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். எனக்குப் பாம்பு என்றால் பயம். மோட்டார் சுவிட்சு என்றால் பயம். சேறு என்றால் ரொம்பப் பயம். பயந்தபடியே மூன்றாவது முறை மடையில் வழுக்கி விழுந்தேன். முட்டி பனங்காய் மாதிரி வீங்கிவிட்டது. இனி யார் தண்ணீர் கட்டுவது? நாலு மாசப் பயிர். இன்னும் ரெண்டு முறை தவறினால் அடுப்புக்குத்தான் ஆகும். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

ஆனாலும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் ஆறாவதோடு நின்றவள். அவர் விளையாட்டு பேசினால் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். எந்த பவுலருக்கு எந்தத் தோள் வலிக்கிறது, எவனுக்குப் புதுசாகக் கல்யாணம் ஆகிக் கவனம் சிதறுகிறது, எல்லாம் தெரியும். பிட்சைப் பார்த்தே சொல்வார். "செம்மண்ணு. ஈரம் நிக்காது. நாலு மணிக்கு மேல வெடிப்பு வுடும்." ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற மண்ணில் ஈரம் எவ்வளவு என்று சொல்கிற மனுசன். பின்கட்டு வாசலிலிருந்து தெரிகிற மண்ணில் வெடிப்பு விட்டது மட்டும் கண்ணில் படவில்லை.

ஊரில் அவருக்கு இருக்கிற மரியாதை வேறு யாருக்கும் கிடையாது. தனக்கொடி டீக்கடையில் ஒரு சிலேட்டு தொங்கும். "இன்று உலகநாதன் வாக்கு" என்று மேலே எழுதி, கீழே எந்த டீம் ஜெயிக்கும் என்று போட்டிருக்கும். கபடியானாலும் அவரைத்தான் கேட்பார்கள். டீ குடிக்கிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் கிளாசையே எடுப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

ஒருநாள் அவருக்கு ஜலதோசம். வாக்கைச் சொல்ல என்னை அனுப்பினார். நொண்டிக்கொண்டே போனேன்.

"இன்னாக்கா, அண்ணன் இன்னைக்கு இன்னா சொன்னாரு?" என்றாள் தனக்கொடி.

"சென்னைக்கும் பெங்களூருக்கும்தான மேட்ச்? பெங்களூரு நல்லா ஆடறானுவளாம். ஆனா ஜெயிக்கிறது சென்னைதானாம்."

அவள் எழுதினாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த டிராக்டர் டிரைவர் அன்புராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"போச்சு! சென்னை காலி! ஜெயிச்சதுக்குன்னு கேசரி கிண்டாத தனக்கொடிக்கா, ரவை வீணாப் போயிடும்."

"இன்னாப்பா, காது கேக்கலியா? சென்னைன்னு சொன்னாரு" என்றேன்.

"கேட்டுச்சு அண்ணி. அதான் சொல்றேன்."

தனக்கொடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கோச்சிக்காதக்கா. மூணு வருசமா இந்தச் சிலேட்டு தொங்குது. அண்ணன் சொன்னது ஒருவாட்டிகூட நடந்ததில்ல. அவரு சொன்னதுக்கு எதிரா எடுத்துக்கினா அப்படியே நடக்குது. அதான் ஊரே அவரைக் கேக்குது."

"ஒருவாட்டிகூடவா?"

"உலகக் கோப்பை கால்பந்துல பிரான்சுதான்னு சத்தியம் பண்ணாரு. இன்னா ஆச்சி?"

எனக்கு அது ஞாபகம் இருக்கிறது. அவர் சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரான்சு தோற்றபோது வீட்டில் ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்குத் திரும்பி நடக்கிறபோது யோசித்தேன். மூணு வருசம், ஒரு தடவைகூட மாறாமல் தப்பாகவே சொல்வதென்றால் சும்மாவா? யாரால் முடியும்? என் புருசன் சாதாரண ஆள் இல்லை. இப்படி ஒரு சக்தியை வீட்டில் வைத்துக்கொண்டு நான் முட்டியை உடைத்துக்கொண்டிருக்கிறேனே!

அன்றைக்குச் சென்னை தோற்றது. மறுநாள் காலையில் அவருக்குச் சுக்குக் காபி கொடுத்தேன்.

"ஏங்க, உங்க வாக்கு பலிக்கும்தானே?"

"இன்னாடி கேள்வி இது? ஊரே சிலேட்டுல எழுதி வெச்சிப் படிக்குது. நேத்து ஏதோ கண்ணுபட்டுப் போச்சு."

"அப்ப ஒரு பந்தயம். நீங்க சொல்ற டீம் ஜெயிச்சா அடுத்த முறை நான் தண்ணி கட்றேன். தோத்தா நீங்க கட்டணும். அன்னைக்கு மேட்ச் இருந்தாலும் சரி."

"இந்த முட்டியை வெச்சிக்கினா? பாவம்டி நீ."

"என் முட்டி என் பாடு."

அவர் சிரித்தார். "சரி. நல்லா எண்ணெய் போட்டு நீவி வெச்சிக்கோ."

நான் நீவவே இல்லை.

முதல் பந்தயம் தோற்றபோது டாஸ் மேல் பழி போட்டார். ரெண்டாவதுக்கு அம்பயர். மூணாவதுக்குப் பனி. நாலாவதுக்கு, முக்கியமான ஓவரில் நான் தும்மிவிட்டேனாம். நாலு முறையும் வாக்கு மாறாமல் மம்மட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அதையும் சொல்ல வேண்டும். அவர் மாதிரித் தண்ணீர் கட்ட எங்கள் பக்கம் ஆள் கிடையாது. மடையைத் திருப்பினால் கடைசிப் பாத்திக் கடைசிக் கரும்புவரை ஒரே அளவாகப் போய் நிற்கும். வரப்பிலிருந்து போன் மட்டும் விடாமல் அடிப்பார், "ஸ்கோர் இன்னா?" என்று. பத்து நாளில் தோகை நிமிர்ந்துகொண்டது. எனக்கும் தூக்கம் வந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்றரைக்குச் சென்னைக்கும் மும்பைக்கும் மேட்ச். அன்றைக்கு எங்கள் முறைத் தண்ணீரும் இருந்தது.

"இன்னைக்கு யாருங்க?" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மும்பை."

கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. கட்டிய நாளாக அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை.

"சென்னை தோக்குமா? நீங்களா சொல்றீங்க?"

"மனசு வேற, மூளை வேறடி. மும்பை ஜெயிச்சா தண்ணி கட்றது நீ. சென்னை ஜெயிச்சா எனக்குச் சந்தோசம். எப்படி வுழுந்தாலும் லாபம் எனக்குத்தான்." கண்ணைச் சிமிட்டினார். பிறகு டி.வி. பக்கம் திரும்பி, "மன்னிச்சிக்கோங்கப்பா" என்று மெதுவாகச் சொன்னார்.

என்ன மூளை பாருங்கள்! எனக்குத்தான் கதிகலங்கிப் போனது. இவர் வாக்கு பொய்ப்பது வாயில் சொல்வதாலா, மனசில் நினைப்பதாலா? வாயில் மும்பை, மனசில் சென்னை. ரெண்டில் எது பொய்க்கும்? என் முட்டி இப்போதே வலிக்க ஆரம்பித்தது.

தனக்கொடிக்குப் போன் செய்து சொன்னேன். அங்கே கிளம்பிய விசில் சத்தம் எங்கள் வீட்டு வாசல்வரை கேட்டது.

கடைசி ஓவர். சென்னைக்குப் பன்னிரண்டு ரன் வேண்டும். அவர் நாற்காலி மேல் ஏறி நின்றார். நான் பூஜை மாடத்துக்கும் டி.வி.க்கும் நடுவில் நின்றேன். கடைசிப் பந்தில் நாலு ரன் தேவை. பந்து காற்றில் எழும்பிக் கோட்டைத் தாண்டி விழுந்தது. சிக்சர்!

"ஜெயிச்சிட்டோம்டி புவனா!" நாற்காலியிலிருந்து குதித்து, பேரன் எடுக்கிற வயசில் என்னைத் தூக்கப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

வெளியே கொழுந்தனார் குரல் கேட்டது. "அண்ணி, மணி ஏழாச்சு. தண்ணிய உங்க பக்கம் வுட்டுட்டேன்!"

நான் மம்மட்டியை நீட்டினேன். கோப்பையை வாங்குகிற மாதிரி ரெண்டு கையாலும் வாங்கி, தோளில் வைத்துக்கொண்டு போனார். டீக்கடைக்காரர்கள் வழியில் மறித்து, மாலை போட்டு, ஒரு தட்டுக் கேசரியும் கையில் கொடுத்தார்களாம். சேறும் மாலையுமாகத் திரும்பி வந்து கேட்டார்.

"நான் மும்பைன்னுதான சொன்னேன்? எனக்கு எதுக்குடி மாலை?"

"உங்க வாக்கு மேல அவங்களுக்கு அவ்ளோ மரியாதைங்க."

"அதுவும் சரிதான்" என்று கேசரியை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு மம்மட்டியைக் காட்டினார். காம்பு ரெண்டாக உடைந்திருந்தது. சந்தோசத்தில் மடையை ஓங்கி வெட்டியிருக்கிறார்.

"நல்லதாப் போச்சு. இனிமே வர்ற மேட்ச்ல யாரு ஜெயிப்பான்னு எனக்குத் தெரியும். எழுதி வெச்சிக்கோ புவனா. இந்தச் சீசன் முடியற வரைக்கும் நான் மம்மட்டியைத் தொடப் போறதே இல்ல."

அவர் வாக்கை நான் என்றைக்கும் அலட்சியம் செய்ததில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வில்லியனூர் போய், மம்மட்டிக்குப் புதுக் காம்பு வாங்கி வந்தேன்.