சம்மந்தம் தலைமையில் தண்ணீர்

பாகூர் கொம்யூன் மக்களுக்கு அறிவிப்பதாவது: வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, மேற்பார்வையாளர் திரு. சம்மந்தம் அவர்கள் தலைமையில், ஏரி வாய்க்காலில் தண்ணீர் ஓடும்.

தண்ணீருக்குத் தகவல் சொல்லியாயிற்றா என்று யாரும் கேட்கவில்லை. பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டியதும், மதராஸ் ராஜ்யத்துக்கும் நமக்கும் நடுவே நின்ற சுங்கச்சாவடிகளைப் பிரித்துப்போட்ட மறு வருஷம் அது. எது இல்லாவிட்டாலும் அறிவிப்புக்குப் பஞ்சமில்லை.

சம்மந்தம் பதினான்கு வருஷம் புதுச்சேரி டவுனில் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவர். தலைமை தாங்கவே பிறந்தவர் என்பது அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வந்து தண்ணீரைப் பார்த்தால் இந்தத் தற்காலிக மேற்பார்வையாளர் பதவி நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி முத்திரை.

திங்கட்கிழமை வாய்க்காலைத் தூர் வாரப் பத்துப் பேர் வந்தார்கள். சம்மந்தம் வெயில் உச்சிக்கு வரும்வரை உழைப்பைப் பற்றிப் பேசினார். பிறகு, பொறுப்பு கொடுத்தால்தான் ஆள் வேலை செய்வான் என்று ஒன்பது பேரை மேஸ்திரி ஆக்கினார்.

பத்தாவது ஆள் கலியன். நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்ததால், பேச்சு நடக்கும்போதே வெட்டிக்கொண்டிருந்தவன்.

"இன்னாய்யா இது? மம்முட்டி புடிக்க நான் ஒருத்தன், என்னை மேய்க்க ஒம்போது பேரா?"

"குடம் பாலுக்குத் துளி விஷம்யா நீ! கரையேறு!"

செவ்வாய்க்கிழமை ஒன்பது மேஸ்திரிகளும் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். சம்மந்தம் அதில் ஒருவரைத் தலைமை மேஸ்திரி ஆக்கினார். மற்ற எட்டுப் பேரும் கோபித்துக்கொண்டு போனார்கள். தலைமை தாங்க ஆளில்லாததால் ஒன்பதாமவரும் வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை அதிசயம் நடந்தது. முப்பது பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். முன்னால் முறுக்கு மீசை வைத்த பலராமன்.

"உங்க பேச்சைக் கேள்விப்பட்டோங்க. கூலி வாணாம், சும்மாவே வெட்றோம்."

சம்மந்தம் பலராமனைக் கட்டிக்கொண்டார்.

"ஆனா இது வாணாங்க. அந்தாண்ட ஒரு வாய்க்கா பிரியுது பாருங்க, அது சுளுவு."

"தாராளமா! இடமா முக்கியம்? உற்சாகம்தான் முக்கியம்!"

கலியன் வரப்பிலிருந்து கத்தினான்: "அய்யா, அவங்க எந்த ஊருன்னு கேட்டீங்களா?"

"உழைக்கிறவனுக்கு ஊர் ஏதுடா? பார்த்துக் கத்துக்கோ!" என்ற சம்மந்தம், அந்த வாக்கியத்தை அப்போதே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

முப்பது பேரும் பேயாக உழைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மதகு திறந்தது. தண்ணீர் அந்தக் கிளை வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு ஓடியது. பலராமன் சம்மந்தத்துக்கு மாலை போட்டார். அதிகாரி கை குலுக்கினார்.

"ரெண்டே நாள்ல எப்படிய்யா முடிச்சே?"

"தலைமைங்க," என்றார் சம்மந்தம், அடக்கத்துடன்.

அதிகாரியின் கண், பழுத்த நாற்றுமுடியோடு தனியே நின்ற கலியன்மேல் விழுந்தது.

"என்னப்பா, தண்ணி நல்லாப் போவுதா?"

"நல்லாத்தான் போவுதுங்க," என்றான் கலியன். "மதராஸ் ராஜ்யத்துக்கு."